திருகோணமலையில் முதல் படப்பிடிப்பு: ஆட்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பது எப்படி

குறும்படம், பாடல் காணொளி, விளம்பரம், வளாகத்து மாணவர் படம் என எதுவாகவும் இருக்கட்டும். முதன்முறையாகத் திருகோணமலையில் கமராவை நிறுத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே ஒரே நாளில் கடல், செங்குத்துப் பாறை, கோட்டை, வயல், காடு எல்லாவற்றையும் படம்பிடித்துவிடலாம். வெளியூர்க் குழுக்கள் ஆசையோடு ஓடிவருவது அதற்காகத்தான். ஆனால் இவற்றில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அதை அறியாத குழு, ஒரே நாளில் அத்தனைக்குள்ளும் புகுந்து வருகிறது.

பெரிய தயாரிப்புகளில் பாதுகாப்புக்கென்றே ஆள் வைத்திருப்பார்கள். நம்முடைய குழுக்களில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர்தான். இயக்குநரே வண்டி ஓட்டுவார். ஒளிப்பதிவாளரே வயர் இழுப்பார். பாதுகாப்பை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் "எல்லாரும்தான்" என்று பதில் வரும். அப்படிப் பதில் வருகிற குழுவில் ஒருவருமே பார்ப்பதில்லை. எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

முதற்படி: நிறுத்தச் சொல்ல ஓர் ஆள்

படப்பிடிப்புக்கு நாள் குறிக்கும்போதே பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் இயக்குநராகவோ ஒளிப்பதிவாளராகவோ இருக்கக் கூடாது. அவர்கள் இருவரின் கண்ணும் கமராவில் தெரியும் சட்டகத்துக்குள் இருக்கும். அதற்கு வெளியே வருகிற அலையையோ லொறியையோ அவர்கள் பார்க்க மாட்டார்கள். முதல் உதவி இயக்குநரோ தயாரிப்பு நிர்வாகியோ பொருத்தமானவர். அன்றாட வேலைத்தாளில் இயக்குநரின் பெயருக்கு அடுத்தபடி அவருடைய பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்க வேண்டும்.

பிறகு ஒரு விதியை எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். "நிறுத்து" என்ற சொல்லை யாரும் சொல்லலாம். தேநீர் கொடுக்கிற தம்பியும் சொல்லலாம், வேடிக்கை பார்க்க வந்த கடற்றொழிலாளியும் சொல்லலாம். சொன்ன கணத்தில் எல்லாம் நிற்க வேண்டும். மறுபடி தொடங்கச் சொல்வது மட்டும் அந்தப் பொறுப்பாளரின் உரிமை. நிறுத்தச் சொன்னவரின் பயம் வீண் என்று தெரியவந்தாலும் அவரைக் கேலி செய்ய விடாதீர்கள். ஒருமுறை கேலிக்கு ஆளானவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்.

இரண்டாம் படி: இடத்தை அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

காலையில் எடுக்கப் போகிற காட்சிக்கு மாலையில் போய் இடம் பார்ப்பதில் பாதிப் பயன்தான். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் காலை ஆறு மணிக் கடலும் பிற்பகல் மூன்று மணிக் கடலும் வேறு வேறு. காற்று மாறும், வெயிலின் கோணம் மாறும், கரைவலை இழுக்கிறவர்கள் நிற்கும் இடமும் மாறும்.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழுந்தால், தை மாதம் தாண்டும் வரை கடலுக்குள் காட்சி வைக்காதிருப்பதே நல்லது. அமைதியான மாதங்களிலும் ஒரு பொறி உண்டு. கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோலத் தெரியும். அதை நம்பி ரப்பர் மிதவையில் நடிகரை உட்கார வைத்தால், காற்று அவரைச் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். திரும்பித் துடுப்புப் போடும்போதுதான் காற்றின் பலம் தெரியும். மிதக்கிற எதையும் கயிற்றால் கட்டிக் கரையில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

இடம் பார்க்கப் போகும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை சில. கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கிறதா? அம்புலன்ஸ் வந்து திரும்ப வழி இருக்கிறதா? பக்கத்து ஆஸ்பத்திரி எது? நகரத்தைச் சுற்றி என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலை. குடாவுக்கு அப்பால் மூதூரிலோ கிண்ணியாவிலோ எடுக்கிறீர்கள் என்றால் அங்குள்ள ஆதார வைத்தியசாலைகள். இவற்றுக்குப் போகும் நேரத்தை ஒருமுறை வண்டியில் போய் அளந்து பாருங்கள்; வரைபடத்தில் பார்த்த நேரத்தை நம்பாதீர்கள்.

இது போர் நடந்த மாவட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகை இருக்கும் இடத்தில் நல்ல காட்சி கிடைக்கும் என்று யார் சொன்னாலும் கால் வைக்காதீர்கள். பற்றைக்குள்ளோ பழைய பதுங்குகுழியிலோ துருப்பிடித்த இரும்புப் பொருள் கிடந்தால் தொடாமல் விலகி வந்து 119க்குச் சொல்லுங்கள். எந்தப் பாதையில் நடக்கலாம் என்பதை அந்த ஊர்க் கிராம அலுவலரிடமும் அங்கே மாடு மேய்க்கிறவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி

அனுமதிக் கடிதத்தை அலைச்சல் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 2014 பெப்ரவரி 20ஆம் திகதி அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் 'மிட்நைட் ரைடர்' என்ற படத்தின் குழு, ஆற்றின் மேலுள்ள ரயில் பாலமொன்றில் தண்டவாளத்தின் மீது கட்டிலைப் போட்டுக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தது. ரயில் நிறுவனம் அதற்கு அனுமதி தரவில்லை. ரயில் வந்தது. கமரா உதவியாளராக இருந்த 27 வயதுப் பெண் சேரா ஜோன்ஸ் இறந்தார். இயக்குநர் சிறை சென்றார். முறையாக அனுமதி கிடைத்திருந்தால் ரயில் எப்போது வரும் என்று சொல்ல ஓர் அதிகாரி அங்கே நின்றிருப்பார். தம்பலகாமம் பக்கம் தண்டவாளத்தில் பாடல் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

நம் ஊரில் யாரிடம் போவது? பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டும். எனவே இராணுவத்திடமும் கோயில் நிர்வாகத்திடமும் தனித்தனியே கேட்க வேண்டும். புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களம். கன்னியா வெந்நீரூற்றுக்குத் தொல்லியல் திணைக்களம். துறைமுகப் பக்கம் என்றால் கடற்படையும் துறைமுக அதிகார சபையும். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தேவை. கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத் தளமும் உள்ள ஊர் இது. அனுமதியில்லாமல் மேலே அனுப்பிவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லலாம் என்று எண்ணாதீர்கள். எந்த இடமானாலும் பொலிஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

நான்காம் படி: ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு பக்கம்

ஒரு தாளை எடுத்து ஐந்து கட்டம் போடுங்கள். என்ன ஆபத்து, யாருக்கு, எவ்வளவு மோசமாகலாம், என்ன செய்யப் போகிறோம், அதைச் செய்பவர் யார். கடைசிக் கட்டத்தில் ஆளின் பெயர் இல்லாவிட்டால் அந்த வரி வீண். 'என்ன செய்யப் போகிறோம்' என்ற கட்டத்தை நிரப்பும்போது ஓர் ஒழுங்கு உண்டு: முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள வேறொன்றை வையுங்கள். அதற்குப் பிறகு தடுப்பு, அதற்கும் பிறகு விதிமுறை, கடைசியாகத்தான் பாதுகாப்பு அங்கி.

ஓர் உதாரணத்தைச் செய்து பார்ப்போம். கதாநாயகி, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைப் பாறை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்க்கிறாள். கதையில் இப்படி எழுதியிருக்கிறது. இதைக் கேட்டதும் "இடுப்பில் கயிறு கட்டிவிடலாம்" என்று ஒருவர் சொல்வார். அது கடைசி வரியில் வர வேண்டிய யோசனை. முதலில் கேட்க வேண்டியது, அவள் விளிம்பில் நிற்கத்தான் வேண்டுமா என்பது. விளிம்பிலிருந்து நான்கு மீற்றர் உள்ளே, தட்டையான இடத்தில் அவளை நிறுத்துங்கள். கமராவைத் தாழ்வாக வைத்து, நீண்ட குவிய லென்ஸால் தூரத்திலிருந்து எடுங்கள். இடையிலுள்ள தரை சட்டகத்தில் தெரியாது. அவளுக்குப் பின்னால் கடல் நேரே எழுந்து நிற்கும். கீழே நுரைக்கிற கடலை ஆளில்லாமல் தனியே எடுத்து வெட்டிச் சேர்த்தால், பார்ப்பவர் நெஞ்சு பதறத்தான் செய்யும். இதற்குச் செலவும் இல்லை.

அங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: பின்னோக்கி நடக்கிற கமராக்காரர். கமரா குலுங்காமல் தாங்கும் கிம்பலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறவருக்கு முதுகுப்புறம் தெரியாது. அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்து வழிநடத்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் படி: தண்ணீரில் இறங்குவதற்கு முன்

2016 நவம்பர் 7ஆம் திகதி கர்நாடகாவில் 'மாஸ்தி குடி' என்ற கன்னடப் படத்துக்காக மூன்று பேர் ஹெலிகொப்டரிலிருந்து நீர்த்தேக்கமொன்றில் குதித்தார்கள். உயிர்காப்பு அங்கியில்லாமல் குதித்த இரு நடிகர்கள் கமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கி இறந்தார்கள். உடற்பயிற்சியில் முறுக்கேறிய உடம்பு அவர்களுடையது. தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எனவே முதலில், "நீந்தத் தெரியுமா?" என்று கேட்டு நிறுத்தாதீர்கள். வாய்ப்புக்காகக் காத்திருக்கும் இளம் நடிகர் தெரியும் என்றுதான் சொல்வார். படப்பிடிப்புக்கு முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் நீந்தச் சொல்லிக் கண்ணால் பாருங்கள்.

உடையைப் பாருங்கள். சேலை நனைந்தால் பாரமாகும். அலை திரும்பும்போது காலைச் சுற்றும். சேலை உடுத்தவரை முழங்காலளவுக்கு மேல் இறக்காதீர்கள். அதற்குமேல் இறங்கியே ஆக வேண்டிய காட்சி என்றால், உள்ளே நீச்சலுடை அணிந்து, சேலையை ஊக்குக் குத்தாமல், ஒரே இழுப்பில் கழன்று விழும்படி உடுத்தச் சொல்லுங்கள். கழற்றுவதைக் கரையில் இரண்டு மூன்று முறை பழகட்டும்.

படகில் எடுக்கும்போது எத்தனை தலையோ அத்தனை உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். சட்டகத்தில் வருகிற நடிகரைத் தவிர மற்ற எல்லாரும் அதை அணிந்தே இருக்க வேண்டும். நடிகருடையது அவர் காலடியில் கிடக்கட்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகுக்காரர் சொல்வார். அதற்குமேல் பேரம் பேசாதீர்கள். சிறிய பைபர் படகில் எல்லாரும் காட்சியைப் பார்க்க ஒரே பக்கம் சாய்ந்தால் அது கவிழும்.

கூடவே ஒரு காப்புப் படகு வேண்டும். இயந்திரம் ஓடியபடி, கயிறும் மிதவையும் நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவருமாக அது பக்கத்தில் நிற்க வேண்டும். "அதிலும் ஒரு கமரா வைத்தால் இன்னொரு கோணம் கிடைக்குமே" என்ற ஆசை எல்லாக் குழுவிலும் எழும். மறுத்துவிடுங்கள். கமரா ஏறியதும் அது காப்புப் படகாக இராது.

அலை ஒருவரை வெளியே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தக் கூடாது, களைத்துப் போவார். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை குறைந்த இடத்தில் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்த வேண்டும். இதை இறங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். கரையில் நிற்பவர்கள் காப்பாற்றப் பாய்ந்தால் இரண்டு பேரை இழக்க நேரும். கயிற்றை எறியுங்கள், கயிறு இல்லாவிட்டால் மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கானை எறியுங்கள், அது ஆளைத் தாங்கும்.

படகுக்காரர் இயந்திரத்தில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் கடலையே பார்த்துவிட்டு, "தம்பி, இன்றைக்கு வேண்டாம்" என்று சொன்னால் அன்றைக்கு வேண்டாம். காரணம் கேட்டு வாதாட வேண்டியதில்லை. அந்த நாளுக்கு மாற்றாகக் கரையில் எடுக்கக்கூடிய ஒரு காட்சியை முன்பே எழுதி வைத்திருங்கள். மாற்று ஏற்பாடு இல்லாத குழுதான் பணத்தைக் காட்டிப் படகுக்காரரை இணங்க வைக்கப் பார்க்கும்.

ஆறாம் படி: மின்சாரமும் பாரமும்

நம் மின்சாரம் 230 வோல்ற். 13 அம்பியர் பிளக் ஒன்று தாங்கக்கூடியது ஏறத்தாழ 3,000 வாட். அதன் எல்லை வரை போகாமல் 2,400 வாட்டோடு நிறுத்துங்கள். நீட்டு வயரைச் சுருளோடு வைத்துப் பயன்படுத்தினால் உள்ளே சூடேறி உருகும். முழுவதையும் அவிழ்த்து விரியுங்கள். கடற்கரையில் உப்புக்காற்று பிளக்கின் ஊசிகளை அரித்துவிடும். பச்சை பூத்த பிளக்கை ஒதுக்குங்கள். இணைப்புகளை மணலில் போடாமல் பிளாஸ்டிக் பெட்டியின் மேல் உயர்த்தி வையுங்கள். ஜெனரேட்டரிலிருந்து வரும் வயருக்கும் 30 மில்லி அம்பியரில் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். ஜெனரேட்டரை அறைக்குள் வைக்கவே கூடாது. அதன் புகை மணமில்லாமலும் ஆளைக் கொல்லும். எரிபொருள் நிரப்புவது அணைத்து ஆறிய பிறகு.

உயரத்தில் ஏற்றுகிற எதற்கும் கீழே ஆள் நிற்கக் கூடாது. 2020 பெப்ரவரி 19ஆம் திகதி சென்னைக்கருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் உதவி இயக்குநர். நம் குழுக்களிடம் அவ்வளவு பெரிய கிரேன் இராது. ஆனால் கடற்கரைக் காற்றில் வெள்ளைத் துணிச் சட்டம் பூட்டிய விளக்குத்தாங்கி பாய்மரமாகிவிடும். ஒவ்வொரு தாங்கிக்கும் மணல் மூட்டை வையுங்கள். மூட்டையைத் தாங்கியின் உயர்ந்த காலில், தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிட வேண்டும். மணலுக்கு இங்கே பஞ்சமில்லை. வெறும் சாக்கு மட்டும் கொண்டுவாருங்கள்.

ஏழாம் படி: துப்பாக்கி, சீருடை, வெடிச்சத்தம்

2021 ஒக்டோபர் 21ஆம் திகதி நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படத்தின் ஒத்திகையில், தோட்டா இல்லை என்று அறிவிக்கப்பட்ட துப்பாக்கி வெடித்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். உள்ளே உண்மையான தோட்டா இருந்தது. ஆயுதங்களுக்குப் பொறுப்பாயிருந்தவர் 2024இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். ஈயமில்லாத வெற்றுத் தோட்டாவும் நெருங்கினால் கொல்லும். 1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஜோன் எரிக் ஹெக்சம் அப்படித்தான் இறந்தார்.

நம் குழுக்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: எதையும் சுடக்கூடிய கருவி தளத்துக்கு வரவே வேண்டாம். மரத்திலோ ரப்பரிலோ செய்த பொம்மை போதும். தீப்பொறியையும் சத்தத்தையும் படத்தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

திருகோணமலையில் இந்த விடயத்துக்கு வேறொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். பொம்மைத் துப்பாக்கியும் பச்சைச் சீருடையுமாக நான்கு பேர் ஒழுங்கைக்குள் ஓடினால், அதைப் படப்பிடிப்பாகப் பார்க்க முடியாதவர்கள் இந்த ஊரில் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். சீனவெடிச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒளிகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்வதும் காயம்தான். உங்கள் ஆபத்துத் தாளில் அதற்கும் ஒரு வரி வேண்டும். முதல் நாளே வீடு வீடாகப் போய், இத்தனை மணிக்கு இன்னது எடுக்கிறோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லுங்கள். பள்ளிவாசலிலும் கோயிலிலும் விகாரையிலும் தேவாலயத்திலும் அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். பொலிஸிடமும் அருகிலுள்ள படைமுகாமிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறாமல் சீருடைக் காட்சியை எடுக்காதீர்கள். சீருடையோடு நடிகரைத் தேநீர்க் கடைக்கு அனுப்பாதீர்கள். ஒரு வீட்டார் வேண்டாம் என்றால் அந்தக் காட்சியை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

எட்டாம் படி: வெயில், இடி, தூக்கம்

கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழுவதைத்தான் எல்லாரும் எடுக்க விரும்புவார்கள். அதற்கு விடியற்காலை மூன்றரைக்கு எழ வேண்டும். மாலை வெளிச்சமும் வேண்டும் என்று இயக்குநர் நிற்பார். அதற்குள் பதினைந்து மணி நேரம் போயிருக்கும். சாமான் கட்டி முடிக்க இரவு. அதற்குப் பிறகு கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர் வண்டி ஓட்டுகிறவரும் அதே நேரத்தில் எழுந்தவர்தான். 1997இல் அமெரிக்காவில் கமரா உதவியாளர் பிரென்ற் ஹேர்ஷ்மன், 19 மணி நேர வேலைக்குப் பிறகு வீட்டுக்குக் காரோட்டிச் செல்லும்போது உறங்கி விபத்தில் இறந்தார். நம் பாதையில் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இருட்டில் யானையும் நிற்கும்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வேண்டாம். இரண்டு நாள் வேலைக்கு இடையே பத்து மணி நேர ஓய்வு வேண்டும். விடியலை எடுத்த நாளில் அந்தியை விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் வரும். சாரதியைப் பகலில் உறங்க விடுங்கள். "கொஞ்சம் இந்த விளக்கைப் பிடி" என்று அவரைக் கூப்பிடாதீர்கள்.

கச்சான் வீசும் மாதங்களில் வியர்வை காய்ந்துவிடுவதால் உடம்பு வற்றுவது தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் மணிக்கொருமுறை தண்ணீர் கொடுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைகளை முதலுதவிப் பெட்டியில் நிறைய வையுங்கள். ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே நிழலில் கிடத்தி, உடையை நனைத்து, கழுத்திலும் கக்கத்திலும் ஐஸ் வைத்து, 1990க்கு அழையுங்கள். நினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி வரும். மின்னலைக் கண்டு 30 விநாடிக்குள் இடி கேட்டால் வேலையை நிறுத்தி, வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ஒலிவாங்கிக் கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் நிற்பவரே முதலில் ஓட வேண்டியவர்.

ஒன்பதாம் படி: காலையில் ஐந்து நிமிடம், பிறகு ஒரு கொப்பி

கமரா பெட்டியைத் திறப்பதற்கு முன் எல்லாரையும் வட்டமாக நிறுத்துங்கள். இன்றைய ஆபத்து இன்னது, பொறுப்பாளர் இன்னார், முதலுதவிப் பெட்டி இங்கே, ஆஸ்பத்திரிக்குப் போக ஒதுக்கிய வண்டி அது, அதன் சாவி வண்டியிலேயே இருக்கும். எண்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவம் 117. திட்டத்தில் இல்லாத காட்சி ஒன்று பாதியில் முளைத்தால், மறுபடி இதே வட்டம் கூட வேண்டும். திடீரென்று தோன்றும் யோசனைகளுக்கு யாரும் முன்கூட்டியே தாள் நிரப்பியிருப்பதில்லை. சிறுவர்கள் நடிக்கிறார்கள் என்றால் பெற்றோர் பார்வைக்கு எட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். இரவு வேலை அவர்களுக்கு வேண்டாம். பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை இல்லாத இடத்தைத் தெரிவு செய்யாதீர்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால் அவரைத் தூக்கி நிறுத்த ஓடாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்ற சந்தேகம் இருந்தால் அசைக்காமல் அம்புலன்ஸ் வரும் வரை பேச்சுக் கொடுங்கள். ஒருவர் வீதிக்குப் போய் வண்டிக்கு வழி காட்டட்டும். கமராவை அணைத்துவிடுங்கள், யாரும் கைப்பேசியில் எடுக்கக் கூடாது. வீட்டாருக்குச் செய்தியைப் பொறுப்பாளர் மட்டுமே சொல்ல வேண்டும்.

காயமில்லாமல் தப்பியவற்றையும் எழுதி வையுங்கள். வழுக்கிய பாறை, சாய்ந்த தாங்கி, தேய்ந்த வயர், படகில் குறைந்த அங்கி ஆகியவற்றைத் திகதியோடும் இடத்தோடும் ஒரு கொப்பியில் இரண்டு வரியில் எழுதினால் போதும். யார் தவறு என்று எழுத வேண்டியதில்லை. என்ன நடந்தது, எதை மாற்றினோம் என்பதே வேண்டும். அடுத்த குழு அதே கரைக்குப் போகும்போது அந்தக் கொப்பியை அவர்கள் கையில் கொடுங்கள். இரவல் கேட்பவர்களுக்குப் படியெடுத்தும் கொடுங்கள்.